தண்ணியில ஒரு நாள் ஊறப்போடுங்க

ஜூனியர்ஸ், ப்ராஜெக்ட் டாப்பிக் தேடுறீங்களா? மெக்கானிக்கல்ல பாதிப் பேர் கையில் எடுப்பது நார் காம்போசிட்தான். வாழைநார் இல்லன்னா சைசல், கூடவே கிளாஸ் ஃபைபர், எபாக்சி. நாரைக் காஸ்டிக் சோடாவில் ஊறவெச்சு, ஹேண்ட் லே-அப் பண்ணி, டென்சைல், ஃப்ளெக்சுரல், இம்பாக்ட் மூணும் எடுத்து, "வலிமை கூடியது"ன்னு முடிச்சிடுவோம். எங்க டீமும் அதேதான்.

கூடினது எதனால? வளைக்கும்போது அதிக ஸ்ட்ரெஸ் வெளி அடுக்குகளுக்குத்தான். அங்க கிளாஸை வெச்சுட்டு, பேரை வாழைநாருக்குக் குடுத்தோம். நடுவில் இருக்கும் நார் எடையைக் குறைக்குது, அதுவும் நல்ல விஷயம்தான். அதை அப்படியே சொல்லியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய ஓட்டை தண்ணி. செல்லுலோஸ் ஈரத்தை இழுக்கும். நார் உப்பும், எபாக்சியோட பிடிப்பு தளரும். "பைக் மட்கார்டுக்குப் பயன்படும்"னு எழுதின நாங்க, மழையில நனைஞ்சா என்னாகும்னு பார்க்கவே இல்ல.

இதுக்குன்னே ஏஎஸ்டிஎம் டி570 இருக்கு. பீஸை ஓவன்ல உலர்த்தி எடை போட்டு, 24 மணி நேரம் ஊறவெச்சு, துடைச்சுத் திரும்ப எடை போடணும். செலவு பெரிசா ஒண்ணுமில்ல. நாலஞ்சு டென்சைல் பீஸையும் சேர்த்து ஊறவெச்சு, ஈரத்தோடயே யூடிஎம்ல இழுத்துப் பாருங்க. நம்பர் குறைஞ்சா, குறைஞ்சதையே ரிப்போர்ட்ல போடுங்க. எங்க ரிப்போர்ட்ல அந்த டேபிளே கிடையாது. வைவாவில் யாரும் கேட்கவும் இல்ல.