கரன்ட் கட்... பதிலுக்கு வாசலில் குப்பை! கென்யாவின் கவுண்டி அரசுகளுக்குக் காசு எங்கிருந்து வருது, எங்கே சிக்குது?

2025 பிப்ரவரி 24. கென்யா தலைநகர் நைரோபியில் மின்வாரிய நிறுவனமான 'கென்யா பவர்' தலைமை அலுவலகத்தின் வாசலில் லாரி லாரியாகக் குப்பை வந்து விழுந்தது. கொட்டியது யாரோ போராட்டக்காரர்கள் இல்லை. குப்பையை அள்ள வேண்டிய நைரோபி கவுண்டி அரசின் லாரிகளே!

காரணம், பாக்கி. சுமார் 300 கோடி ஷில்லிங் கரன்ட் பில் கட்டவில்லை என்று கவுண்டி அலுவலகங்களின் இணைப்பைக் கென்யா பவர் துண்டித்தது. "எங்க நிலத்துல கம்பம் நட்டு, கேபிள் பதிச்சதுக்கு நீங்கதான் 480 கோடிக்கு மேல தரணும்" என்று கவுண்டி தரப்பு திருப்பிக் கேட்டது. ஒரு அரசு அமைப்பு இன்னொரு அரசு நிறுவனத்தின் வாசலில் குப்பை கொட்டிய அந்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது.

பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஒரு தலைநகரத்தின் அரசு கரன்ட் பில் கட்ட முடியாத நிலைக்கு எப்படி வந்தது? அதைப் புரிந்துகொள்ள, கென்யாவில் 'கவுண்டி' என்பது என்ன, அதன் கஜானாவுக்குப் பணம் எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும்.

(கணக்குக்கு: 2024 இறுதியில் ஒரு கென்ய ஷில்லிங், நம் பணத்தில் சுமார் 65 பைசாவாக இருந்தது.)

கவுண்டினா மாவட்டமா?

பார்க்க மாவட்டம் மாதிரி இருக்கும். ஆனால் அதிகாரம் வேற லெவல். 2010-ல் வந்த புதிய அரசியலமைப்பு நாட்டை 47 கவுண்டிகளாகப் பிரித்தது. 2013 மார்ச் தேர்தலுக்குப் பிறகு அவை செயல்பாட்டுக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கவர்னர் உண்டு. நம் ஊர் ஆளுநர் மாதிரி நியமனப் பதவி இல்லை. கிட்டத்தட்ட முதலமைச்சர் வேலை. தனியாக ஒரு கவுண்டி சட்டமன்றமும் உண்டு.

ஆஸ்பத்திரி, விவசாயம், உள்ளூர் ரோடு, குடிநீர், சந்தை, பாலர் பள்ளி எல்லாம் கவுண்டியின் பொறுப்பு. இதில் பெரிய சுமை ஆஸ்பத்திரிதான். பிரசவ வார்டில் டாக்டர் இருக்கிறாரா, மருந்து இருக்கிறதா என்பதை முடிவு செய்வது நைரோபியில் இருக்கும் மத்திய அரசு அல்ல, அந்தந்தக் கவுண்டியின் பட்ஜெட்.

பட்ஜெட் எப்படிப் போடுறாங்க?

நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். ஆனால் வேலை பத்து மாதம் முன்பே ஆரம்பித்துவிடும். செப்டம்பர் 1-க்குள் அடுத்த ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டம், பிப்ரவரி 28-க்குள் எந்தத் துறைக்கு எவ்வளவு என்ற உச்சவரம்பு, ஏப்ரல் 30-க்குள் மதிப்பீடுகள், ஜூன் 30-க்குள் சட்டமன்ற ஒப்புதல் என்று தேதி போட்டு வைத்திருக்கிறது 2012-ம் ஆண்டின் பொது நிதி மேலாண்மைச் சட்டம்.

நடுவில் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். இது பேருக்கு நடத்தும் சடங்கு இல்லை. கியாம்பு கவுண்டி 2013-ல் கொண்டுவந்த வரிச் சட்டத்தை, மக்களிடம் ஒழுங்காகக் கருத்துக் கேட்கவில்லை என்று சொல்லி 2014-ல் உயர் நீதிமன்றம் ரத்தே செய்துவிட்டது.

இன்னும் ரெண்டு கட்டுப்பாடு. பட்ஜெட்டில் குறைந்தது 30 சதவீதம் வளர்ச்சிப் பணிகளுக்கு. சம்பளம், படிகளுக்கு வருவாயில் 35 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. பட்ஜெட் புத்தகத்தில் 30 சதவீதம் என்று எழுதியும் விடுகிறார்கள். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் பல கவுண்டிகள் அதைத் தொடுவதே இல்லை. வருகிற பணம் முதலில் சம்பளத்துக்குப் போய்விடும்; ரோடும் கட்டடமும் காத்திருக்கும்.

சரி, பணம் எங்கிருந்து வருது?

பெரும்பகுதி மத்திய அரசிடமிருந்து. இதைச் 'சமமான பங்கு' என்கிறார்கள். நாட்டு வருவாயில் குறைந்தது 15 சதவீதம் கவுண்டிகளுக்குப் போயே ஆக வேண்டும் என்கிறது அரசியலமைப்பு.

இங்கேதான் ஒரு ட்விஸ்ட். எந்த வருஷத்து வருவாயில் 15 சதவீதம்? தணிக்கை முடிந்து, தேசியச் சட்டமன்றம் ஏற்றுக்கொண்ட கடைசிக் கணக்கில். அது எப்போதும் சில வருஷம் பழசாகத்தான் இருக்கும். 2024-25 பங்கைக் கணக்கிட எடுத்துக்கொண்டது 2020-21 வருவாய். அதாவது சுமார் 1.57 லட்சம் கோடி ஷில்லிங். அந்தக் கணக்கில் கவுண்டிகளின் பங்கு 25 சதவீதத்தைத் தொடுகிறது. "சட்டம் சொன்னதைவிட ஜாஸ்தியாவே தர்றோம்" என்று மத்திய அரசு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இப்போதைய வருவாய் 2 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. அதோடு ஒப்பிட்டால் கவுண்டிகளுக்குப் போவது ஆறில் ஒரு பங்கு அளவுதான். கவர்னர்கள் ஒவ்வொரு வருஷமும் சண்டை போடுவது இதனால்தான்.

மீதி, கவுண்டிகள் சொந்தமாக வசூலிப்பது. சொத்து வரி, கேளிக்கை வரி ரெண்டும்தான் அவர்கள் போடக்கூடிய வரி. மற்றதெல்லாம் கட்டணம்: பார்க்கிங், கடை லைசென்ஸ், சந்தை வசூல், விளம்பரப் பலகை, ஆஸ்பத்திரிக் கட்டணம். 2023-24-ல் 47 கவுண்டிகளும் சேர்ந்து வசூலித்தது சுமார் 5,900 கோடி ஷில்லிங். அதே வருஷம் மத்தியப் பங்காக ஒதுக்கப்பட்டது 38,540 கோடி. சொந்தக் காலில் நிற்கிறது என்று சொல்ல ஒரு கவுண்டியும் இல்லை.

சொத்து வரியில் ஏன் அள்ள முடியவில்லை? நைரோபியையே எடுத்துக்கொள்ளலாம். நிலத்தின் மதிப்பைப் பதிந்து வைக்கும் பதிவேடு 1982-ல் போட்டது. அதை வைத்தே பல பத்தாண்டுகள் வரி வசூலித்தார்கள். வானளாவிய கட்டடங்கள் முளைத்த நகரத்தில், நில மதிப்பு மட்டும் பழைய காலத்திலேயே நின்றுவிட்டது. சமீப ஆண்டுகளில்தான் புதிய மதிப்பீட்டுக்கு மாறினார்கள்.

யாருக்கு எவ்வளவு? ஒரு ஆளுக்கு ஒரு ஷில்லிங்?

மொத்தப் பங்கு முடிவானதும் அடுத்த சண்டை, அதை 47 பேருக்கும் எப்படிப் பிரிப்பது. இதற்கான ஃபார்முலாவை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை செனட் முடிவு செய்யும்.

கொஞ்சம் நம்பர் பார்ப்போம். 2021-22-ல் நைரோபிக்கு சுமார் 1,925 கோடி ஷில்லிங். நாட்டிலேயே அதிகம். கடலோரத்து லாமுவுக்கு சுமார் 310 கோடி. நாட்டிலேயே குறைவு. அநியாயம் மாதிரி தெரிகிறதா? 2019 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வகுத்துப் பாருங்கள். நைரோபியில் கிட்டத்தட்ட 44 லட்சம் பேர். தலைக்கு சுமார் 4,400 ஷில்லிங். லாமுவில் 1.44 லட்சம் பேர்தான்; தலைக்கு 21,000-க்கும் மேல்!

"அப்போ நைரோபிக்குத்தானே அநியாயம்?" அதுவும் அவ்வளவு சுலபமில்லை. வடக்கே துர்கானா கவுண்டிக்கு 1,260 கோடி, தலைக்கு 13,000-க்கு மேல். ஆனால் துர்கானாவின் பரப்பு நைரோபியைப் போல கிட்டத்தட்ட 100 மடங்கு. தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது லட்சத்துச் சொச்சம் பேர் அந்த வறண்ட நிலத்தில் சிதறிக் கிடக்கிறார்கள். அங்கே ஒருவருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் செலவும், நைரோபியில் ஒருவருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் செலவும் ஒன்றா? மத்திய அரசு பல பத்தாண்டுகள் கண்டுகொள்ளாத பகுதியும் அதுதான்.

2020-ல் இந்த விவகாரம் வெடித்தது. 'ஒரு ஆள், ஒரு ஓட்டு, ஒரு ஷில்லிங்' என்று மக்கள்தொகை அதிகமுள்ள கவுண்டிகள் கோஷம் போட்டன. வறண்ட வடக்கும் கடலோரமும் எதிர்த்தன. செனட் பலமுறை கூடியும் முடிவுக்கு வரவில்லை. நடுவில் மூன்று செனட்டர்கள் கைதானார்கள். காசு தீர்ந்துவிட்டது, கவுண்டிகளை இழுத்து மூடப்போகிறோம் என்று கவர்னர்கள் அறிவித்தார்கள். கடைசியில் செப்டம்பர் 17-ல் ஃபார்முலா நிறைவேறியது. எப்படி? யார் பங்கையும் குறைக்க வேண்டாம், மொத்தத் தொகையையே ஏற்றிவிடலாம் என்று முடிவானது. 31,650 கோடியாக இருந்த பங்கு அடுத்த ஆண்டு 37,000 கோடி ஆனது. யாருக்கும் வலிக்காத தீர்வு. கஜானாவுக்கு மட்டும் வலிக்கும்.

தெருவில் போராட்டம், கிராமத்து ஆஸ்பத்திரியில் வெட்டு

2024 ஜூன் 25-ஐப் பலருக்கு நினைவிருக்கும். புதிய வரிகளை எதிர்த்து கென்ய இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்த நாள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மறுநாளே அதிபர் வில்லியம் ரூட்டோ அந்த நிதி மசோதாவில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மக்களின் வெற்றி என்று கொண்டாடினார்கள். அதில் தப்பே இல்லை.

ஆனால் அந்த மசோதா 34,600 கோடி ஷில்லிங் கூடுதலாகக் கொண்டுவரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அது போனதும் எங்கெல்லாம் வெட்டலாம் என்று மத்திய அரசு தேடியது. கவுண்டிகளுக்கு ஏற்கனவே சட்டம் போட்டு ஒதுக்கியிருந்த சுமார் 40,010 கோடியை 38,000 கோடியாகக் குறைக்கத் திருத்தம் வந்தது. செனட் ஒப்புக்கொள்ளவில்லை. இழுபறி, சமரசக் குழு, மறுபடி இழுபறி. டிசம்பரில்தான் 38,742 கோடி என்று முடிந்தது.

வெட்டு சுமார் 1,270 கோடி. பெரிய தொகைதான். ஆனால் அதைவிடப் பெரிய பிரச்சினை அந்த ஆறு மாதம். ஜூன் மாதமே 40,010 கோடியை நம்பி பட்ஜெட் போட்டு முடித்த கவுண்டிகளுக்கு, பாதி வருஷம் ஓடும்வரை தன் பங்கு எவ்வளவு என்றே உறுதியாகத் தெரியாது. அதற்கு முந்தைய ஆண்டின் ஜூன் மாதத் தவணையான சுமார் 3,080 கோடியும் அந்த ஆண்டுக்குள் வந்து சேரவில்லை. 'தேவையற்ற தாமதமின்றி' தர வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. எழுதி என்ன பயன்?

2025-26-க்கும் அதே கதைதான். தேசியச் சட்டமன்றம் சுமார் 40,500 கோடி என்றது, செனட் 46,500 கோடி என்றது. 41,500 கோடியில் கை குலுக்கினார்கள்.

தாமதம் ஆனா யார் தலையில் விழும்?

பணம் வரும் வழியைப் பார்த்தால் புரியும். வரி வசூல், மத்திய வங்கியில் இருக்கும் தேசிய நிதிக்குப் போகும். அங்கிருந்து கவுண்டியின் வருவாய் நிதிக்கு. அதிலிருந்து எடுக்க பட்ஜெட் கட்டுப்பாட்டாளர் என்ற சுயேச்சையான அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். இப்போது அந்தப் பதவியில் இருப்பவர் மார்கரெட் ந்யகாங்கோ. யார் எவ்வளவு செலவு செய்தார்கள், எவ்வளவு பாக்கி என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை புட்டுப் புட்டு வைப்பது இவரது அலுவலகம்தான்.

அப்படி வெளிவந்த கணக்குப்படி 2024 ஜூன் இறுதியில் கவுண்டிகள் கொடுக்க வேண்டிய பாக்கி 18,000 கோடி ஷில்லிங்கைச் சுற்றி இருந்தது. அதில் பெரும் பங்கு நைரோபியுடையது. கலைக்கப்பட்ட பழைய மாநகராட்சியிடமிருந்து வந்த கடனும் இதில் உண்டு.

இந்தப் பாக்கி யாருக்கு? ரோடு போட்ட சின்ன கான்ட்ராக்டர், ஆஸ்பத்திரிக்கு உணவு சப்ளை செய்தவர், கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரர். கவுண்டி நினைத்த நேரத்தில் கடன் வாங்க முடியாது. மத்திய அரசு உத்தரவாதமும் சட்டமன்ற ஒப்புதலும் வேண்டும். அதனால் என்ன நடக்கிறது? சப்ளை செய்தவர்தான் கவுண்டிக்குக் கடன் கொடுக்கும் பேங்க். வட்டியும் கிடையாது, தேதியும் கிடையாது. அவரோ பேங்கில் நிஜ வட்டிக்குக் கடன் வாங்கி அந்த வேலையை முடித்திருப்பார்.

மருந்திலும் இதே கதை. அரசு மருந்துக் கொள்முதல் நிறுவனத்துக்குக் கவுண்டிகள் பாக்கி வைத்தால் அடுத்த லோடு தாமதமாகும். நோயாளி சீட்டை வாங்கிக்கொண்டு வெளிக்கடைக்கு நடப்பார். 2025-ல் கியாம்பு கவுண்டியில் சம்பள நிலுவை, பதவி உயர்வு போன்ற பிரச்சினைகளுக்காக அரசு டாக்டர்கள் சுமார் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். நைரோபிக்குப் பக்கத்திலேயே இருக்கும், வசதியான கவுண்டி அது.

மேலிருந்து வருவது லேட் என்பது மட்டுமே காரணம் என்று கவர்னர்களை விட்டுவிடவும் முடியாது. சொந்த வருவாயை ஓவராகக் கணித்து, வராத பணத்துக்கும் சேர்த்து டெண்டர் விடுவது அவர்கள்தான். 2023-24-ல் 8,000 கோடிக்கு மேல் வசூலிப்போம் என்று எழுதி வைத்துத்தான் 5,900 கோடியில் வந்து நின்றார்கள். அந்த 2,000 கோடிக்கு யார் யாரோ வேலை செய்து முடித்து, பில்லை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ஸ்டிமா பிளாசா வாசலில் குப்பை அள்ளப்பட்டுவிட்டது. பேச்சுவார்த்தையும் நடந்தது. யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கைத் தீர்க்கத்தான் இரு தரப்பும் மறுபடி மேஜைக்கு வர வேண்டியிருந்தது.