ஒத்திவைப்பு நடுநிலையானது அன்று

பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சிக்கு 2017 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. அந்த மாமன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தலோ 2026 ஜனவரி 15 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட 46 மாதங்களும் ஆகுர்டி உள்ளிட்ட நகரம் முழுவதற்கும் ஆணையரே நிர்வாகி. அவரைக் கேள்வி கேட்க மாமன்றம் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குடிநீரைப் பற்றி ஆகுர்டிப் பெண்கள் முறையிட விரும்பினாலும், மீண்டும் வாக்குக் கேட்டு அவர்கள் வாசலுக்கு வந்தாக வேண்டிய ஒருவர் இருக்கவில்லை.

"இது பொதுவான சட்டச் சிக்கல், ஆண், பெண் அனைவருக்கும் ஒரே இழப்பு" என்று இதைக் கடந்துசெல்வோர் கல்விப்புலத்திலும் உள்ளனர். இவ்வாதம் பிழையானது. மகாராஷ்டிரத்தில் 2011 முதல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்குரியவை. இம்மாநகராட்சியின் 128 இடங்களில் அவை 64. சட்டமன்றத்தில் அத்தகைய ஒதுக்கீடு இல்லை. 2024 தேர்தலில் அதன் 288 இடங்களில் பெண்கள் வென்றவை பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. நாடாளுமன்றத்திற்கும் சட்டமன்றங்களுக்குமான 2023ஆம் ஆண்டின் 106ஆவது திருத்தமோ, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பின்னரே நடைமுறைக்கு வருமாறு எழுதப்பட்டது. ஆண்களுக்குப் பல கதவுகள் திறந்திருக்க, பெண்களுக்கு உறுதியாகத் திறந்திருந்த ஒரே கதவு உள்ளாட்சி. அது மூடப்படும்போது இழப்பு எவ்வாறு சமமாகும்? 64 இடங்களை 46 மாதங்களால் பெருக்கினால் ஏறத்தாழ 245 ஆண்டுகள். ஒரே நகரத்தில் பெண்களுக்கு உறுதியளிக்கப்பட்டு, வழங்கப்படாத பதவிக்காலம் இது.

இழப்பு அந்த ஆண்டுகளோடும் முடிவதில்லை. அரசியல் அறிவியலாளர் ரிகில் பவ்னானி 2009இல் வெளியிட்ட ஆய்வு மும்பை மாநகராட்சித் தேர்தல்களைப் பற்றியது. 1997இல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு 2002இல் பொதுவாக்கப்பட்ட வார்டுகளில் பெண் வெல்லும் வாய்ப்பு, முன்பு ஒதுக்கப்படாத வார்டுகளைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று அது கண்டது. ஒதுக்கீட்டின் பயன் தேர்தலிலிருந்து தேர்தலுக்குக் கைமாறும் தொடர் என்பதே இதன் பொருள். தொடரை நான்காண்டுகள் அறுத்துவிட்டால், பெயரும் தொகுதித் தொடர்பும் தேய்ந்துபோவது முதன்முறை வென்ற பெண்களுக்குத்தான். கட்சியும் பணமும் கைவசமுள்ள ஆண்களால் காத்திருக்க முடியும்.

தாமதத்தின் வேர் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டு வழக்கு. உரிய தரவின்றி அவ்வொதுக்கீட்டை வழங்க இயலாது என 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தரவைத் திரட்டுவதில் தொடர்ந்து சுணங்கியவை மாநில அரசுகள். 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் இருக்கும் நிலையே தொடர உத்தரவிட்டது. அந்நிலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. இதனைப் பெண்களுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் இடையிலான மோதலாகச் சித்திரிப்பது திரிபு. பிற்படுத்தப்பட்டோர் இடங்களிலும் பாதி பெண்களுடையவையே. இருமடங்கு இழந்தோர் அவர்கள்.

சட்டக் கேள்வி தீராமல் தேர்தல் நடத்துவது எப்படி என்பார்கள். விடையை நீதிமன்றமே அளித்தது. 2025 மே 6 அன்று, பழைய ஒதுக்கீட்டு நிலையின்படி, வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டுத் தேர்தலை நடத்துமாறு அது ஆணையிட்டது. 2025இல் இயன்றது 2022இல் இயலாதது ஏன்? ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது அரசமைப்பின் 243யு பிரிவு. அதனை 2006இல் கிஷன்சிங் தோமர் வழக்கில் அரசியல் சாசன அமர்வே வலியுறுத்தியது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பெருமை கொள்ள ஏதுமில்லை. பெண்களுக்கு 50 விழுக்காடு என்று 2016இல் சட்டம் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில் தொடங்கியது; நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில் நடந்தது.

2024 செப்டம்பரில் ஜள்காவ் மாவட்டத்தின் விச்கேடா ஊராட்சிப் பெண் தலைவரைத் தகுதிநீக்கிய ஆணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பெண் பிரதிநிதிகளை இலேசாக நீக்கும் மனப்போக்கைக் கண்டிக்கவும் செய்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஒரு பெண்ணின் நாற்காலி பறிபோனதைக் காணும் கண், ஒரு மாநகரின் 64 நாற்காலிகள் வெறுமையாய்க் கிடப்பதைக் காணவில்லை. நீக்கம் என்றால் அநீதி. ஒத்திவைப்பு என்றால் நடைமுறை. சொல் மாறியதால் இழப்பு மாறிவிடுமா?

உள்ளாட்சித் தேர்தலைத் தடுக்கும் ஒவ்வோர் இடைக்கால ஆணையும், எத்தனை பெண்களின் இடங்கள் எத்தனை காலம் வெறுமையாகும் என்பதைப் பதிவுசெய்ய வேண்டும். தன் முடிவு நாளையும் தானே குறிக்க வேண்டும். ஆய்வாளர்களோ, வென்ற பெண்களை மட்டும் எண்ணும் வழக்கத்தை விட்டு, நடக்காத தேர்தல்களையும் எண்ணத் தொடங்க வேண்டும்.