சாமிக்கு முன்னால ஒய்.பி-க்கு எதுக்கு மாலை?

பதிவு கொஞ்சம் நீளம். முழுசா படிச்சுட்டு, திட்டணும்னா திட்டுங்க.

திருவிழா வந்தா தொண்டர்கள் நாங்க பார்க்கிற காட்சி இது. அபிஷேகம் முடிஞ்சு தீபாராதனைக்கு ஜனம் காத்து நிக்கும். "ஒய்.பி இன்னும் வரல, திரையைத் திறக்காதீங்க"ன்னு தகவல் வரும். கைக்குழந்தையோட நிக்கிற தாயும் காத்திருக்கணும், முருகனும் காத்திருக்கணும். அவர் வருவார், கூடவே நாலு வியாபாரிங்க வருவாங்க. பரிவட்டம், பொன்னாடை, மாலை, ஆள் உயர காசோலை, போட்டோ. அப்புறம் விஐபி கூடாரத்துல தலையைச் சாய்ச்சு ரகசியப் பேச்சு. தேவாரமா பேசுறாங்க? பெர்மிட், குத்தகை, ஆள் கோட்டா, நிலம். இடம் நம்ம ஆலயம், சோறு நம்ம அன்னதானம், பலன் மட்டும் அவங்களுக்கு.

வியாபாரிங்க அரசியல்வாதியைப் பார்க்கவே கூடாதுன்னு நாங்க சொல்லல. பார்க்கட்டும். ஆனா எப்படிப் பார்க்கணும்னு நம்ம ஊரே பாடம் சொல்லுது.

மூவார் பர்னிச்சர் ஊர். ரப்பர் மரம் இல்லன்னா இங்க பாதி பேக்டரி ஓடாது. அறுத்த ரப்பர் பலகை வெளிநாட்டுக்குப் போனா இங்க விலை ஏறும், சரக்கு கிடைக்காது. பர்னிச்சர் சங்கங்கள் இதை அரசாங்கத்துக்கு விடாம சொன்னாங்க. 2017 ஜூலையில அந்த ஏற்றுமதிக்குத் தடை வந்துச்சு.

2016 பிப்ரவரியில வெளிநாட்டுத் தொழிலாளர் லெவியை உற்பத்தித் துறைக்கு 2,500 ரிங்கிட்டுன்னு ஏத்துனாங்க. முதலாளிமார் சங்கங்கள் எல்லாம் ஒரே குரலா எதிர்த்தாங்க. மார்ச் மாசமே 1,850-க்கு இறங்கிடுச்சு.

நம்ம ஆளுங்களையே எடுத்துக்குங்க. முடிதிருத்தும் கடை, ஜவுளிக்கடை, நகை செய்யிற தொழில். இந்த மூணுக்கும் 2009-லிருந்து வெளிநாட்டு ஆள் எடுக்க முடியாம இருந்துச்சு. சங்கங்கள் ஒவ்வொரு அமைச்சரா பார்த்து, ஆட்சி மாறினாலும் மறுபடி பார்த்து, 2023-ல 7,500 பேருக்கு அனுமதி வாங்குனாங்க.

ஒரு கோரிக்கை, சங்கத்தோட பேர்ல, எழுத்துல, கணக்கோட. கிடைக்கிற வரைக்கும் விடாத பிடி. இது நேர் வழி. கவர் கொடுக்கிறது கோணல் வழி. 2020 ஜூன்லிருந்து ஊழல் தடுப்புச் சட்டம் 17ஏ பிரிவுப்படி, கம்பெனி ஆள் லஞ்சம் கொடுத்தா கம்பெனியே கூண்டுல நிக்கணும். லஞ்சத் தொகையைப் போல குறைஞ்சது பத்து மடங்கு, இல்ல பத்து லட்சம் ரிங்கிட், எது அதிகமோ அதுதான் அபராதம். ஆனா அரசியல் கட்சிக்கு யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு வெளிச்சம் போடுற தனிச் சட்டத்தைப் பத்தி இன்னும் பேச்சுதான் நடக்குது. அந்த இருட்டுல கோவில் மேடை ரொம்ப வசதியான இடம். யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. சாமி கும்பிட வந்தேன்னு சொல்லிக்கலாம்.

இன்னொரு கேள்வி. மேல சொன்ன மூணு கதையிலயும் மேசையில உட்கார்ந்தது முதலாளிங்க. தொழிலாளி எங்க? வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இபிஎஃப் கட்டணும்னு வந்தப்போ, செலவு தாங்காதுன்னு முதலாளிங்க பக்கம் குரல் கேட்டுச்சு. கடைசியில 2025 அக்டோபர்லிருந்து முதலாளி பங்கு 2 விழுக்காடுன்னு முடிஞ்சது. நம்ம பிள்ளைக்கு 12, 13 விழுக்காடு கட்டணும். பேக்டரியில வேலை பார்க்கிற நாங்க கேக்கிறோம், முதலாளி யாரை எடுப்பார்? இதுல நேப்பாளத் தம்பிங்க மேல எங்களுக்குக் கோபம் இல்ல. அவங்களும் இதே சன்னதியில கைகூப்புறவங்கதான். ஏமாந்தது ரெண்டு பேரும்.

ஆலயத்துக்கு வருவோம். கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பகுதியில நூறு வருஷத்துக்கு மேல இருக்கிற தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம். அது நின்ன நிலத்தை மாநகர் மன்றம் 2014-ல ஜேக்கல் நிறுவனத்துக்கு வித்துடுச்சு. நாடு முழுக்க நம்ம ஜனம் பதறினது 2025 மார்ச்ல. கடைசியில கொஞ்சம் தள்ளி மாற்று இடம்னு பேசி முடிச்சாங்க. நடுவுல எத்தனை தைப்பூசம், எத்தனை பொன்னாடை, எத்தனை ஒய்.பி? மாலை போட்ட கையில ஒரு மனு இருந்திருந்தா, நாடு முழுக்க இருக்கிற ஆலய நிலப் பிரச்சினையில பாதி இன்னைக்குத் தீர்ந்திருக்கும்.

"ஒய்.பி வரலன்னா மானியம் வராது, தவுக்கே வரலன்னா அன்னதானம் நடக்காது"ன்னு சில பெரியவங்க சொல்றாங்க. மானியம் அவர் வீட்டுப் பணம் இல்ல, நம்ம வரிப்பணம். தவுக்கே கொடுக்கட்டும், சந்தோஷம். பத்து வெள்ளி கொடுத்த பாட்டிக்கு எப்படியோ அப்படியே ரசீது போடுங்க, பலகையில பேர் எழுதுங்க. அதுக்கு மேல எதுக்கு?

நிர்வாகத்துக்கு எங்க கோரிக்கை மூணுதான்.

ஒண்ணு, யாருக்காகவும் தீபாராதனை நிக்கக் கூடாது. ஒய்.பி வந்தா வரிசையில நின்னு கும்பிடட்டும். பேச்சு, மாலை எல்லாம் மண்டபத்துல, பூஜைக்கு அப்புறம்.

ரெண்டு, வியாபாரிங்க கொடுக்கிற நன்கொடை எல்லாம் கணக்குல, அறிவிப்புப் பலகையில வரணும். எதிர்பார்ப்போட கொடுக்கிறவர் தானா ஒதுங்கிடுவார்.

மூணு, வருஷத்துக்கு ஒரு தடவை சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரை முறைப்படி அழைச்சு எழுத்துல மனு கொடுக்கணும். ஆலய நிலம், தமிழ்ப்பள்ளி, நம்ம பிள்ளைங்க வேலை. என்ன தேதியில கொடுத்தோம், என்ன பதில் வந்துச்சுன்னு எல்லாரும் படிக்கிற மாதிரி ஒட்டணும். அடுத்த வருஷம் அதே தாளைக் கையில வச்சுக்கிட்டே பேசணும்.

பர்னிச்சர் முதலாளி செய்யிறதை பக்தர் செய்யக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. ஆலயம் சங்கப் பதிவிலாகாவுல பதிஞ்ச அமைப்பு, நாம அதோட உறுப்பினர்கள். ஆண்டுக் கூட்டத்துக்கு முப்பது பேர் வர்றோம், திருவிழாவுக்கு மூவாயிரம் பேர் வர்றோம். அடுத்த கூட்டத்துக்கு வாங்க. இந்த மூணையும் தீர்மானமா கொண்டு வருவோம், கை தூக்குங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.