உதவியினும் பங்கே பெரிது

வெளிநாட்டு உதவி என்றவுடன் இயந்திரங்களும், கடன் தொகையும், நிபுணர்களின் வருகையும் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றின் பயனை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் செடி, நார், எண்ணெய், மூலிகை முதலிய உயிர்ப்பொருள்களைக் கொண்டு நடைபெறும் தொழில்களில், எவ்வளவு உதவி வந்தது என்பதைவிட, விளைபொருளின் விலையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதே முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் அனுபவம் இதனை நன்கு விளக்கும்.

அந்நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள செடர்பர்க் மலைப் பிரதேசத்தில் ரூய்போஸ் என்னும் புதர்ச்செடி வளர்கிறது. அதன் ஊசி போன்ற இலைகளை நறுக்கி, நசுக்கி, நீர் தெளித்துக் குவித்துப் புளிக்கவைத்து, வெயிலில் உலர்த்தினால் செந்நிறப் பானத்திற்குரிய தூள் கிடைக்கும். 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் அப்பெயரை அப்பிரதேசத்திற்கே உரியதாகப் பதிவு செய்தது. இச்செடியைப் பற்றிய மரபறிவு அம்மண்ணின் ஆதிக்குடிகளாகிய சான், கோய் மக்களுக்கு உரியது. ஆனால் தொழில் வளர்ந்தபோது நிலமும் ஆலையும் பெரும்பாலும் பிறர் வசமாயின. அறிவுக்கு உரியவர் கூலிக்கு நின்றனர்.

மரபறிவுக்கும் பங்கு உண்டு என்ற கொள்கையை 1992-ஆம் ஆண்டின் உயிரினப் பன்மை உடன்படிக்கையும், 2010-இல் உருவாகி 2014-இல் அமலுக்கு வந்த நகோயா ஒப்பந்தமும் உலகறிய நிலைநாட்டின. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின், 2019-இல் ரூய்போஸ் தொழிலினர் ஆதிக்குடிகளுடன் உடன்பாடு செய்துகொண்டனர். அதன்படி பண்ணை விலையில் நூற்றுக்கு ஒன்றரை வீதம் மகமை செலுத்தப்படுகிறது. அது இரு சமூகங்களுக்கும் சரிபாதியாகச் சேர்கிறது. 2022-இல் முதல் தவணையாக ஒரு கோடியே இருபது இலட்சம் ராண்டு அளவில் தொகை கிடைத்தது.

இத்தகைய உடன்பாடுகளுக்கு வழிகோலுவதில் பிற நாடுகளுக்கும் பங்குண்டு. ஜெர்மனியும் நெதர்லாந்தும் 2006-இல் தொடங்கிய ஒரு கூட்டு முயற்சி, ஆப்பிரிக்க நாடுகளின் அதிகாரிகளுக்கும் சமூகப் பிரதிநிதிகளுக்கும் பயன் பங்கீட்டுச் சட்டத்திலும் பேரம் பேசுவதிலும் பயிற்சியளித்து வந்தது. பேரம் பேசக் கற்றவன் பிறகு பிறர் கையை எதிர்பாரான். நாம் பாராட்டும் உதவி இதுவே.

ஆயினும் மகமையோடு நீதி முற்றுப்பெற்றுவிட்டதாக நாம் கருதவில்லை. மகமை பண்ணை விலையின்மீதே கணக்கிடப்படுகிறது. ஏற்றுமதியாகும் சரக்கில் பெரும்பகுதி மொத்தமாகக் கப்பலேறி, அயல்நாட்டில் பொட்டலமாகிப் பன்மடங்கு விலை பெறுகிறது. அந்த மிகுதியில் மகமைக்கு இடமில்லை. நெசவாளர் நூலுக்கும் சேலைக்கும் இடையேயுள்ள விலை வித்தியாசத்தை அறிவர். அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இக்குறைக்கு மருந்து என்ன? அப்பிரதேசத்தின் சிறு விவசாயிகள் 2001-இல் ஹைவெல்ட் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து வழிகாட்டினர். அச்சங்கம் தொண்டு நிறுவனங்களின் துணையுடன் தானே இலையைப் பதப்படுத்தி, இயற்கை வேளாண்மைச் சான்றும் நியாய வர்த்தகச் சான்றும் பெற்று, அயல்நாட்டு வியாபாரிகளுடன் நேரே தொடர்பு கொண்டது. காட்டுச்செடி அழியாவண்ணம் அறுவடை செய்வதிலும் அதன் அங்கத்தினர் கருத்துச் செலுத்துகின்றனர். செடி அழிந்தால் பங்கும் இல்லை, மகமையும் இல்லை என்பதை அவர்கள் உணர்ந்துள்ளனர்.

நமக்கும் இதில் பாடமுண்டு. மஞ்சளுக்கு அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை 1997-இல் ரத்தாயிற்று. வேம்பைப் பற்றிய ஐரோப்பியக் காப்புரிமை 2000-இல் நீக்கப்பட்டு, 2005-இல் அத்தீர்ப்பு உறுதியாயிற்று. பிறர் கவர்ந்ததைத் தடுத்தோம், அது வெற்றியே. ஆனால் தடுப்பது வேறு, பங்கு பெறுவது வேறு. நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டம் பயன் பங்கீட்டுக்கு வகை செய்கிறது. உள்ளூர் மரபறிவைக் குறித்துவைக்க மக்கள் பதிவேட்டிற்கும் ஏற்பாடு உண்டு. நம் ஊர்ப் பதிவேட்டில் சாயவேரும் அவுரியும் நாட்டுப் பருத்தியும் இடம்பெற்றுள்ளனவா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இக்கேள்வியை எழுப்புவார்களாக. உதவியை நன்றியுடன் ஏற்போம். பங்கை உரிமையுடன் கேட்போம்.