மனனம் செய்த கடமைகள்

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் காலை வேளையில் சற்று நின்று பார்ப்போர் ஒரு விந்தையைக் காணலாம். சாலை விதிகளை மதிக்க வேண்டுமென்று ஏட்டில் அழகுற எழுதிய சிறுவனை, அவனுடைய தந்தையே தலைக்கவசமின்றி, எதிர்த்திசையில் வண்டியோட்டி வந்து பள்ளி வாயிலில் இறக்கிவிடுகிறார். அப்பிள்ளை அன்று கற்ற முதற்பாடம் எது? ஏட்டில் உள்ளதா, தந்தை வந்த வழியா?

நம் அரசியல் சட்டத்தில் குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டன. பத்தாக இருந்தவை 2002இல் பதினொன்றாயின. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பளிப்பது பெற்றோர் கடமை என்பதே அந்தப் பதினொன்றாவது. நம் மாணவர்கள் இவற்றை வரிசை பிறழாமல் ஒப்பித்து மதிப்பெண் பெறுகிறார்கள். ஆனால், ஒழுகும் குழாயை மூட எழுந்து செல்பவர் எத்தனை பேர்?

அன்பர்களே! பொறுப்பு என்பது மனனம் செய்யும் பாடமன்று, ஒப்படைக்கப்படும் அமானிதம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு கப்பலை உவமையாக எடுத்துரைத்தார்கள். கீழ்த்தளத்தார் தண்ணீருக்காக மேல்தளத்தாரைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தொல்லை வேண்டாமென்று, தம் பகுதியிலேயே துளையிட எண்ணினார்கள். மேலிருப்போர் தடுத்தால் இருசாராரும் பிழைப்பர். வாளாவிருந்தால் அனைவரும் மூழ்குவர். குடிமைப் பயிற்சியின் சாரம் இதுவே.

2024ஆம் ஆண்டில் தமிழக அரசுப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட 'மகிழ் முற்றம்' திட்டம், மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனக் குழுக்களாக்கித் தலைமைப் பொறுப்பு அளிக்கிறது. இது வரவேற்கத்தக்கதே. எனினும், சட்டையில் சின்னம் குத்திக்கொள்வதோடு அது நின்றுவிடலாகாது. நூலகமோ, குடிநீர்த் தொட்டியோ, மரக்கன்றோ ஏதேனும் ஒன்றைப் பிள்ளையிடம் முழுமையாக ஒப்படைக்க வேண்டும். தவறினால், விளைவைத் தானே கண்டு திருத்திக்கொள்ள அவனுக்கு இடமளிக்க வேண்டும்.

"படிக்க அனுப்பினோமா, வேலை செய்ய அனுப்பினோமா?" என்று வினவும் பெற்றோர் உண்டு. அவ்வினாவில் நியாயமும் உண்டு. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ ஏவினார்கள் என்று நம் மாநிலப் பள்ளிகளைப் பற்றி எழுந்த புகார்கள் நம்மைத் தலைகுனிய வைத்தவை. அது பொறுப்பைக் கற்பிப்பதன்று, இழிவைக் கற்பிப்பது. பணி எதுவாயினும் செல்வர் வீட்டுப் பிள்ளையும் எளியவர் வீட்டுப் பிள்ளையும் முறைவைத்துச் செய்யட்டும். ஆசிரியரும் உடன் நிற்கட்டும். கி.பி. 627இல் மதீனாவைக் காக்க அகழ் தோண்டியபோது, எம்பெருமானார் (ஸல்) அவர்களே தோழர்களோடு மண் சுமந்தார்கள் அல்லவா?

நம் ஊரிலேயே கண்ணன்குறிச்சி மூக்கனேரி சான்றாக இருக்கிறது. 2010ஆம் ஆண்டில் குடிமக்கள் ஒன்றுகூடி அதைச் சீரமைக்கும் பணியில் இறங்கினார்கள். பள்ளிகள் தம் மாணவர்களை அந்தக் கரைக்கு அழைத்துச் சென்று காட்டட்டும். ஏரியைக் கண்ட பிள்ளைக்குக் கடமையின் பொருள் விளங்கும்.

பிள்ளைகளின் ஏட்டைத் திருத்துமுன் நம் நடையைத் திருத்திக்கொள்வோம். நாளைக் காலை தலைக்கவசம் அணிந்து, நேர்வழியில் வண்டியைச் செலுத்துவதிலிருந்தே அதைத் தொடங்கலாம். வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!