கல்வி அரங்கம்: எத்தனை பேரில் எத்தனை பேர்?

நம் சங்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் சிலர் இந்நகரத்துச் செவிலியர் கல்லூரிகளில் பயில்கின்றனர். உடற்கூறும் மருந்தியலும் அவர்களுக்கு விரைவில் வசப்பட்டு விடுகின்றன. இரவுப் பணியும் பழகி விடுகிறது. ஆயின், ஆராய்ச்சியும் புள்ளியியலும் பற்றிய பாடம் வந்தவுடன் பலருக்கு உற்சாகம் குன்றி விடுகிறது. “நோயாளிக்குப் பணி செய்ய வந்த எங்களுக்குச் சதவீதமும் வர்க்கமூலமும் எதற்கு?” என்று அவர்கள் கேட்கின்றனர். நியாயமான வினாவே. இதற்கு விடை தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நாம் குடியிருக்கும் கொல்கத்தாவின் மருத்துவ வரலாற்றிலேயே அது கிடைக்கிறது. இத்திங்கள் அதனைக் காண்போம்.

வாந்திபேதி என்று நம் முன்னோர் அஞ்சிய காலரா, வங்க நாட்டின் பழம்பகை. ராபர்ட் கோச் என்ற ஜெர்மானிய அறிஞர் அந்நோயின் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியது 1884-இல், இந்நகரத்திலேதான். அக்கிருமி சுரக்கும் நஞ்சே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்பதை 1959-இல் மெய்ப்பித்தவரும் இந்நகரத்து மருத்துவரான சம்புநாத் டே அவர்களே. இந்நோய் கண்டவர் சில மணி நேரத்திற்குள் உடலிலுள்ள நீரையும் உப்பையும் இழந்து உயிர் துறக்கிறார். இழந்ததை உடனே திரும்பக் கொடுத்தால் பிழைத்துக் கொள்கிறார். இரத்தக் குழாய் வழியே உப்புநீர் ஏற்றுவதே நெடுங்காலம் வரை நம்பத்தக்க சிகிச்சையாக இருந்தது. அதற்குக் கிருமியற்ற நீர் வேண்டும். ஊசியும் குழாயும் வேண்டும். தேர்ந்த கை வேண்டும். குடிசையிற் கிடக்கும் ஏழைக்கு இவையெல்லாம் எங்கே கிட்டும்?

அந்நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே குடிக்கக் கொடுத்தாலே போதுமே என்று எண்ணிச் செயற்பட்டார் கொல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி. ஒரு லிட்டர் நீருக்கு 4 கிராம் உப்பு, 25 கிராம் குளுகோஸ் என்பது அவர் கண்ட அளவு. 186 நோயாளிகளுக்கு அதனைக் கொடுத்து, பலன் கண்டு, 1953-இல் லண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார். கருத்து சரியானதே. சர்க்கரை உடன் இருந்தால் குடல் உப்பையும், உப்போடு நீரையும் உறிஞ்சிக் கொள்கிறது என்பது பின்னாளில் ஆய்வுக்கூடங்களில் உறுதியாயிற்று. ஆயினும், சட்டர்ஜி அவர்களின் கட்டுரை வெளிவந்த போது மருத்துவ உலகம் அதற்குச் செவி சாய்க்கவில்லை.

ஏன் சாய்க்கவில்லை? இங்கேதான் நம் மாணவிகளின் பாடம் தொடங்குகிறது. அவர் சிகிச்சை அளித்தவர்கள் நோயின் கடுமை குறைந்தவர்கள். உடல் நீர் மிகவும் வற்றியவர்களை அவர் சேர்க்கவில்லை. சர்க்கரை உப்புநீரோடு வாந்தியை நிறுத்தும் மருந்தையும், ஓர் இலைச்சாற்றையும் சேர்த்துக் கொடுத்தார். அந்த இலை, நம் வீட்டுத் தொட்டிகளில் வளரும் கற்பூரவள்ளியின் இனத்தைச் சேர்ந்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, இச்சிகிச்சை பெறாத வேறொரு கூட்டத்தாரோடு அவர் ஒப்பிட்டுக் காட்டவில்லை. நோயாளிகள் பிழைத்தனர் என்றால், பிழைப்பித்தது நீரா, மருந்தா, இலைச்சாறா? அன்றி, நோய் கடுமையாக இல்லாமையால் தாமாகவே பிழைத்தனரா? 186 என்ற எண்ணை எத்துணை முறை திருப்பிப் பார்த்தாலும் இவ்வினாக்களுக்கு அதனிடம் விடை இல்லை. அருகில் வைத்துப் பார்க்க மற்றோர் எண் இல்லாத எண் ஊமை.

மற்றோர் எண் வந்து சேரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 1968-இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்டு காஷ் என்ற இளம் அமெரிக்க மருத்துவர்கள், வங்காளத் துணைவர்களோடு சேர்ந்து ஒரு சோதனையின் முடிவை அதே ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக் கொண்ட நோயாளிகள் 29 பேர் மட்டுமே. ஆனால் அவர்களைப் பிரிவுகளாக வகுத்தனர். ஒரு பிரிவினருக்கு வழக்கப்படி இரத்தக் குழாய் வழியாகவே நீர் ஏற்றப்பட்டது. ஏனையோருக்கு முதலில் அவ்வாறே ஏற்றி, அதிர்ச்சி நிலை நீங்கிய பிறகு உப்பும் குளுகோசும் கலந்த நீர் உள்ளே செலுத்தப்பட்டது. உள்ளே சென்ற நீரும் வெளியேறிய நீரும் வேளைதோறும் அளந்து எழுதப்பட்டன. இறுதியில், இரத்தக் குழாய் வழியே ஏற்ற வேண்டிய நீர் நூற்றுக்கு எண்பது பங்கு குறைந்தது என்று தெரிய வந்தது. கொல்கத்தாவின் பேலியாகாட்டாத் தொற்றுநோய் மருத்துவமனையில் நடந்த ஆராய்ச்சியும் இதனை ஒட்டியே சென்றது. ஒப்பீடு இல்லாத 186 பேர் பெற்றுத் தர முடியாத நம்பிக்கையை, ஒப்பீட்டோடு கூடிய 29 பேர் பெற்றுத் தந்தனர்.

ஒப்பிடுவதற்கு இரு கூட்டத்தாரை எவ்வாறு பிரிப்பது? மருத்துவர் தம் விருப்பப்படி பிரித்தால், தேறக்கூடியவரைப் புதிய சிகிச்சைக்கும் தேறாதவரைப் பழைய சிகிச்சைக்கும் அறியாமலே அனுப்பி விடலாம். ஆகையால் சீட்டுப் போட்டுப் பிரிப்பதே நேர்மை. இது நமக்குப் புதியதன்று. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறையில், தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு எடுத்தார்களே, அதன் கருத்தும் மனிதர் விருப்பு வெறுப்பு தலையிடக் கூடாது என்பதே அன்றோ? இம்முறையை நம் சென்னையிலேயே கையாண்டிருக்கின்றனர். 1956-இல் அங்குத் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சியில் 193 நோயாளிகள், வீட்டிலிருந்தே மருந்து உண்போர், சானடோரியத்தில் தங்கி உண்போர் என்று சீட்டு முறையால் பிரிக்கப்பட்டனர். நல்லுணவும் ஓய்வும் காற்றோட்டமும் அற்ற ஏழை வீடுகளிலும், முறையாக மருந்து உண்டால் நோய் ஏறத்தாழ அதே அளவு குணமாகும் என்று 1959-இல் வெளியான முடிவு காட்டியது. உடன் வாழ்ந்த உறவினருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை. உலகெங்கும் காசநோயாளிகள் குடும்பத்தை விட்டுப் பிரியாமல் வைத்தியம் பெற இது வழி வகுத்தது.

இனி, வங்கத்தின் பெருஞ்சோதனைக்கு வருவோம். 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானில் நிகழ்ந்த கொடுமைகளுக்கு அஞ்சி ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவிற்குள் அடைக்கலம் புகுந்தனர். சியால்டாவிலிருந்து ரயிலேறினால் எல்லையோரத்தில் வரும் பன்காவ் என்ற ஊரின் மருத்துவமனையில், காலரா கண்டவர்கள் தரையெங்கும் கிடந்தனர். ஏற்றுவதற்கு நீர் போதவில்லை. ஏற்றுவதற்குக் கைகளும் போதவில்லை. கொல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தில் பணி செய்து வந்த குழந்தை மருத்துவர் திலீப் மகலானபிஸ் அங்குச் சென்றார். குளுகோஸ், சாப்பாட்டு உப்பு, சோடா உப்பு ஆகியவற்றை மையத்திலேயே நிறுத்துப் பொட்டலமாகக் கட்டச் செய்தார். அதனை நீரிற் கலந்து பீப்பாய்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் தாயாரும் உடன்பிறந்தாருமே குவளையில் மொண்டு புகட்டும்படி ஏற்பாடு செய்தார்.

விளைவு என்ன? முகாம்களில் காலரா கண்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டு கொண்டிருந்த காலம் அது. பன்காவில் சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 3,700 பேரில் இறந்தவர்கள் நூற்றுக்கு 3.6 பேரே. மாணவிகள் இப்போது பென்சிலை எடுத்துக் கொள்ளலாம். 3,700-இல் நூற்றுக்கு 30 என்றால் 1,110 மரணங்கள். நூற்றுக்கு 3.6 என்றால் 133. இவற்றின் வேறுபாடு 977. அத்தனை வீடுகளில் விளக்கு அணையாமல் நின்றது என்று மனம் மகிழத் துடிக்கிறது. மகிழுமுன் இரண்டு கேள்விகளைக் கேட்பதே புள்ளியியல்.

முதற் கேள்வி: இது தற்செயலாக நேர்ந்திருக்குமோ? 3.6-ஐ, பிழைத்தவர் விழுக்காடாகிய 96.4-ஆல் பெருக்குக, 347 வரும். அதனை 3,700-ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால் ஏறத்தாழ 0.3 கிடைக்கும். இதற்கு நிலைப்பிழை என்று பெயர். அதை இரட்டித்து 3.6-இலிருந்து கழித்தும் கூட்டியும் பார்த்தால், 3.0 முதல் 4.2 வரை என்று ஓர் எல்லை கிடைக்கும். தற்செயல் தன் விளையாட்டை ஏறத்தாழ அவ்வெல்லைக்குள்தான் ஆடும். முப்பது எங்கோ தொலைவில் நிற்கிறது. ஆகவே தற்செயல் அன்று என்று துணியலாம். ஆயிரம் பக்கப் புத்தகத்தைக் கண்டு அஞ்சும் பெண்கள், இக்கணக்கிற்கு வேண்டியவை பெருக்கலும் வகுத்தலும் வர்க்கமூலமும் மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி கடினமானது. முப்பது என்பது யாருடைய கணக்கு? அது வேறிடத்துக் கணக்கு. அங்கு வந்தவர்கள் நோய் முற்றிய நிலையில் வந்தவர்களோ? பன்காவில் கடுமை குறைந்தவர்களும் எண்ணிக்கையிற் சேர்ந்தனரோ? மருத்துவமனைக்கு வரும் வழியிலேயே மாண்டவர்கள் எந்தப் பதிவேட்டில் ஏறினர்? இவ்வினாக்களை எந்த வர்க்கமூலமும் தீர்க்காது; 3,700-க்குப் பதிலாக மூன்று இலட்சம் பேரை எண்ணினாலும் தீராது. பன்காவில் சீட்டுப் போட்டுப் பிரிக்கவும் இயலாது. ஏற்றுவதற்கு நீர் இல்லாத இடத்தில், குடிக்கும் நீரையும் ஒரு பாதியினருக்கு மறுப்பது அறமாகாது. ஆகவே பன்காவின் கணக்கு தனித்து நின்றிருந்தால், 1953-இன் கணக்கைப் போலவே ஐயத்திற்கு இடமாகியிருக்கும். டாக்காவிலும் கொல்கத்தாவிலும் ஒப்பிட்டுப் பார்த்துக் கண்ட முடிவுகள் முன்னரே இருந்தமையால்தான் அது வலுப்பெற்றது. ஒப்பீடு, இச்சிகிச்சை பலிக்கும் என்று காட்டியது. பன்காவ், அதை ஏழைத் தாயின் கையிலும் ஒப்படைக்கலாம் என்று காட்டியது. 1978-இல் ‘லான்செட்’ இதழ், இந்நூற்றாண்டின் மிகச் சிறந்த மருத்துவ முன்னேற்றம் இதுவாகவே இருக்கலாம் என்று பாராட்டியது. திலீப் மகலானபிஸ் 2022-இல் இந்நகரத்தில் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது.

பெயர் ஒலிப்பால் மயங்க வேண்டா. பாராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தை 1931-இல் நிறுவிய பிரசாந்த சந்திர மகலனோபிஸ் வேறொருவர். அவருடைய பிறந்த நாளாகிய ஜூன் 29, 2007 முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. சென்னையிற் பிறந்து அக்கழகத்திற்கு வந்து, 1963-இல் முனைவர் பட்டம் பெற்ற சீனிவாச வரதன் அவர்கள், கணித உலகின் உயர் விருதாகிய ஏபெல் பரிசை 2007-இல் பெற்றார். தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் கணக்குக் கற்ற நகரம் இது. இங்கிருந்து கொண்டு கணக்கிற்கு அஞ்சலாமோ?

இனி, “எங்களுக்கு எதற்கு?” என்ற வினாவிற்கு வருவோம். டாக்காவின் 29 பேருக்கு உள்ளே சென்ற நீரையும் வெளியேறிய நீரையும் இரவும் பகலும் யாரேனும் அளந்து எழுதியிருக்க வேண்டும். பன்காவில் வந்தவர் எத்தனை, மாண்டவர் எத்தனை என்று யாரேனும் குறித்திருக்க வேண்டும். கணக்கறிஞர் மேசையில் வந்து சேரும் எண், நோயாளியின் கட்டிலருகே பிறக்கிறது. அங்கே நிற்பவர் செவிலியர். நள்ளிரவில் அளவுக் குவளையைப் பாராமல், ‘ஒரு லிட்டர் இருக்கும்’ என்று உத்தேசமாக எழுதி விட்டால், அந்தப் பொய்யை எந்தச் சூத்திரத்தாலும் மெய்யாக்க முடியாது. செவிலியர் எழுதும் பதிவேடு வெறும் அலுவலகக் காகிதமன்று; அடுத்த நோயாளிக்கு அவர் எழுதி வைக்கும் சாசனம்.

ஆகவே, பாடநூலைத் திறக்கும் போதெல்லாம் நம் சகோதரிகள் மூன்று வினாக்களை நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். எத்தனை பேரில் எத்தனை பேர்? யாரோடு ஒப்பிட்டு? தற்செயல் எவ்வளவு? சூத்திரங்கள் யாவும் இம்மூன்றின் பணியாட்களே. ‘இம்மருந்தை உண்ட அனைவரும் தேறினர்’ என்று விளம்பரம் கூறும்போதும், அண்டை வீட்டார் அன்போடு கைமருந்து சொல்லும்போதும், பெற்றோராகிய அன்பர்களும் இவ்வினாக்களைக் கேட்டுப் பழகலாம்.

ஒன்று சொல்லி முடிக்கிறோம். இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் உப்பு சர்க்கரைப் பொட்டலத்தின் அளவு 1971-இன் அளவன்று. மேலும் பல ஒப்பீடுகள் நடந்து, உப்பும் சர்க்கரையும் குறைந்த கலவையே நலம் என்று கண்டு, 2002-இல் உலகச் சுகாதார நிறுவனம் அதனை மாற்றியது. இப்போது ஒரு லிட்டருக்கு மொத்தம் 20.5 கிராம். ஆகையால் பழைய அளவை வீட்டில் கலக்க முயலாமல் பொட்டலத்தையே வாங்கி, அதில் குறித்த அளவு நீரைக் குறையாமலும் கூடாமலும் சேர்க்க வேண்டும். சிறந்த மருந்து என்று உலகம் போற்றியதையும் மீண்டும் அளந்து பார்த்துத் திருத்திக் கொண்டார்கள். அந்த அடக்கத்தையே இப்பாடம் கற்பிக்கிறது. தேர்வு எழுதவிருக்கும் நம் பெண்களுக்கு எமது வாழ்த்துகள்.