மீட்டுக் காட்டச் சொல்லுங்கள்

மாண்புமிகு மலேசிய டிஜிட்டல் அமைச்சர் அவர்களுக்கு,

பிரிக்பீல்ட்ஸ் கேஎல் சென்ட்ரலில் விரைவு ரயில் ஏறினால் 28 நிமிடத்தில் விமான நிலையம். 2019 ஆகஸ்ட் 21 இரவு அங்கே நெட்வொர்க் பழுதாகித் தகவல் திரைகள் செயலிழந்தன. ஊழியர்கள் வெள்ளைப் பலகையில் விமான எண்களைக் கையால் எழுதினார்கள். தடுமாற்றம் நாள்கணக்கில் நீடித்தது. 2025 மார்ச்சில் அதே விமான நிலையத்தின் கணினிகளைத் தாக்கியவர்கள் 1 கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள். பிரதமர் தர மறுத்தார். சரியான முடிவு. ஆனால் நம்பகமான காப்புப் பிரதி இல்லாத அலுவலகம் அப்படி மறுத்துவிட்டு எப்படி எழுந்து நிற்கும்?

இன்று ஒரே செர்வருக்குள் பத்து, இருபது மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் வட்டில் கிடக்கும் சில கோப்புகள்தான். அதனால் ஒன்றை நகலெடுத்து வேறு ஊரில் இயக்குவது சுலபம். ஒரே அடியில் அத்தனையையும் இழப்பதும் அதே அளவு சுலபம். 2023 பிப்ரவரியில், மெய்நிகர் கணினிகளை இயக்கும் இஎஸ்எக்ஸ்ஐ மென்பொருள் உள்ள செர்வர்களைக் குறிவைத்த தாக்குதல், உலகெங்கும் ஆயிரக்கணக்கான செர்வர்களில் இந்தக் கோப்புகளைப் பூட்டியது. அதற்கு வழிவிட்டதாகச் சொல்லப்பட்ட ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2021லேயே வந்திருந்தது.

இன்னொரு ஆபத்து, ஒரு கணத்தின் நிலையைப் பதியும் ஸ்னாப்ஷாட்டையே காப்புப் பிரதி என்று நம்புவது. அது மூல வட்டைச் சார்ந்தது. வட்டு போனால் அதுவும் போகும்.

பிரதி இல்லாத இழப்பு, தொழில்நுட்பத்தில் நமக்கு முன்னே நிற்கும் தென்கொரியாவுக்கே நேர்ந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தின் லித்தியம் மின்கலன்கள் தீப்பிடித்தன. 709 அரசு அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த 'ஜி-டிரைவ்' எரிந்தது. 858 டெராபைட் போயிற்று. வெளியே பிரதி இல்லை. அளவு பெரிது என்பதே சொல்லப்பட்ட காரணம்.

இங்கே தீயோடு வெள்ளமும் உண்டு. 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் முழுகியதைக் கிள்ளான் பள்ளத்தாக்கு மறக்கவில்லை. பிரிக்பீல்ட்சை ஒட்டி ஓடுவதும் கிள்ளான் ஆறுதான். செர்வரும் அதன் பிரதியும் ஒரே ஆற்றங்கரையில் இருந்தால் ஒரே மழை இரண்டையும் கொண்டுபோகும்.

2024 ஆகஸ்ட் 26 முதல் நடப்பிலுள்ள இணையப் பாதுகாப்புச் சட்டம், முக்கியத் துறைகளில் ஆண்டுதோறும் இடர் மதிப்பீட்டையும் ஈராண்டுக்கு ஒருமுறை தணிக்கையையும் கட்டாயமாக்கியிருக்கிறது. நல்ல அடித்தளம். அதன்மேல் மூன்று ஏற்பாடுகள் வேண்டும்.

ஒன்று, ஒரு பிரதி பள்ளத்தாக்குக்கு வெளியே, நிர்வாகியின் கடவுச்சொல் களவு போனாலும் அழிக்க முடியாதபடி இருக்க வேண்டும். இரண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெய்நிகர் கணினிகளைப் பிரதியிலிருந்து மீட்டு, உண்மையான ஊழியர்கள் அவற்றில் ஒரு நாள் வேலை செய்து பார்க்க வேண்டும். மூன்று, மீட்க எத்தனை மணி நேரம் ஆனது, எவ்வளவு தரவு விடுபட்டது என்பதை ஒவ்வோர் அமைச்சும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.

முதல் ஒத்திகை அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நடக்கட்டும். குடிநுழைவு முகப்பிலிருந்தும் அரசு மருத்துவமனைப் பதிவிலிருந்தும் தொடங்குங்கள். அங்கேதான் வரிசை நீளம்.

அன்புடன்,
பிரிக்பீல்ட்ஸ்வாசி ஒருவர்